மனைவி வேடத்துக்கு ஒருத்தி

மார்ச் 4

என் அன்புக்குரிய தையல் டீச்சருக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. வேலை மும்முரத்தில் பதில் எழுத முடியவில்லை என்று சொன்னால் உன் அக்கா கைகொட்டிச் சிரிப்பாள். மும்முரம் ஒன்றும் இல்லை. வேலை இல்லாதவனுக்குப் பேனா எடுக்கக்கூடக் கை வருவதில்லை என்பதுதான் உண்மை. முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீ அனுப்பிய தைலத்தைத் தேய்த்தால் அறை முழுக்க வாசனை வருகிறது, வலி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

போன மாதம் ஒரே ஒரு படம். மகனைப் போலீஸ் பிடித்ததாகக் கேள்விப்பட்டு நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகிற அப்பா. காலையில் தாடியை ஒட்டினார்கள். கதாநாயகன் வரவில்லை. சாயங்காலம் வரை பசை அரிக்க அரிக்க உட்கார்ந்திருந்துவிட்டுத் தாடியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பத்தே நிமிடத்தில் செத்துவிட்டு வந்தேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். என்னை இருக்கச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, இறப்பதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஒரு டைரக்டர் என் அறைக்கே வந்தார். சின்ன வயது, கனத்த மூக்குக்கண்ணாடி. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து, நாற்காலியில் என் துணி கிடந்ததால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கதை சொன்னார். இரண்டு அறை வீடு. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர், அவருடைய மனைவி. பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் இருப்பதுதான் படம். நான் எப்போது சாகிறேன் என்று கேட்டேன். சாகவில்லை என்றார். நம்பாமல் இன்னொரு தரம் கேட்டேன்.

அந்த மனைவி வேடத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லையாம். அந்த வயது நடிகைகள் எல்லாரும் காமிராவைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள் என்றார். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். நாடகக் கம்பெனியில் இருந்தவள், இப்போது பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறாள் என்றேன். மனிதர் கட்டிலில் இருந்து எழுந்தே விட்டார். உன்னைக் கேட்காமலே காமிரா டெஸ்டுக்கு வருவாய் என்று சொல்லிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் வந்து திட்டு. நாம் இரண்டு பேரும் ஒரு படத்தில் புருஷன் பெண்டாட்டியாக வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். எனக்கு இது வராது வந்த பார்ட். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வராது என்றும் தெரியும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
உன் கணவன்


மார்ச் 11

பெரியவருக்கு,

இருபத்தாறு வயதிலேயே கிழவர் வேடம் போட்டுக் கம்பெனியில் உங்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது. இப்போதுதான் பொருத்தமாக இருக்கிறது, அதனால் அப்படியே அழைக்கிறேன். இங்கே நான் சௌக்கியம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நன்றாகத் தெரிகிறது. முன்பு தெரியாத தூசியெல்லாம் தெரிவதால் வீட்டில் நிம்மதி போய்விட்டது.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் பெண்டாட்டி ஞாபகம் வந்துச்சாமா?" என்று கேட்டுவிட்டு அலமாரியைத் துடைக்கப் போய்விட்டாள். நானும் அதையேதான் கேட்கிறேன்.

நான் ஏன் மேடையை விட்டேன் என்று அந்த டைரக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். கழுவுற மீனில் நழுவுற மீன் நீங்கள். ஐந்து வருஷம் நீங்கள் அப்பாவாகவும் நான் மகளாகவும் ஊர் ஊராக நடித்தோம். கடைசிக் காட்சியில் நான் 'அப்பா' என்று ஓடிவந்து உங்கள் காலில் விழுந்தால் கொட்டகையில் மூக்கு உறிஞ்சாத ஆள் கிடையாது. பிறகு கல்யாணம் செய்துகொண்டோம். அது பத்திரிகையில் வந்தது. அடுத்த ஊரில் நான் 'அப்பா' என்று ஓடிவந்தபோது பின்வரிசையில் இருந்து ஒருத்தன், "அப்பாவா புருஷனா, மொதல்ல அதச் சொல்லும்மா" என்று கத்தினான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அடுத்த ஊரிலும் சிரித்தது. அதற்கடுத்த ஊரில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்தது.

முதலாளி உங்களைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிடவில்லை. மகள் வேடத்துக்கு எங்கே வேண்டுமானாலும் பெண் கிடைப்பாள், இப்படி ஒரு கிழவன் கிடைக்க மாட்டான் என்று அவர் கணக்கு. நீங்கள் திரும்பி வந்து, கொஞ்ச நாள் வீட்டில் இரு, நான் பேசிப் பார்க்கிறேன் என்றீர்கள். அந்தக் கொஞ்ச நாளில்தான் என் தலை நரைத்தது. பேசிப் பார்த்தீர்களா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

நீங்கள் சினிமாவுக்குப் போனீர்கள். எனக்கு இங்கே தையல் மெஷின் வந்தது. மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது சோறு போட்டது. ஆனால் மழை பெய்கிற மத்தியானங்களில் பழைய வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு தைத்திருக்கிறேன். இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

ஆகவே நான் வரவில்லை. வேறு யாரையாவது பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

பி.கு: வசனம் எவ்வளவு இருக்கும்?


மார்ச் 16

அன்பே,

உன் கடிதத்தில் பின்குறிப்பை மட்டும் நாலு தரம் படித்தேன். மேலே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அதற்கெல்லாம் இப்போது நான் என்ன சொன்னாலும் வக்கீல் பேச்சாகத்தான் இருக்கும், விடு.

வசனம் அதிகம் இல்லை. பயப்படாதே. அந்த டைரக்டருக்கு வசனம் என்றாலே ஒவ்வாமை போல. எனக்கும் நேற்று தனியாக ஒரு டெஸ்ட் எடுத்தார். கதவைத் திறந்து, வெளியே மழையைப் பார்த்து, கதவைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான். நான் என் கிழவரைக் கொண்டுவந்தேன். உனக்குத்தான் தெரியுமே, முதலில் தோள் இறங்கும், பிறகு முழங்கை, பிறகு விரல் நடுங்கும். பின்வரிசைக்காரனுக்கும் தெரிகிற மாதிரி ஒரு இருமல். அந்த ஆள் ரொம்ப மரியாதையாக, கொஞ்சம் குறைக்கலாமா சார் என்றார். குறைத்தேன். இன்னும் கொஞ்சம் என்றார். கடைசியில், நீங்கள் எதுவும் செய்யவே வேண்டாம், நீங்கள் இருக்கிறபடியே வந்து கதவைத் திறங்கள் என்றார்.

இருக்கிறபடி என்றால் என்ன? நாற்பது வருஷமாக நான் கிழவனாக இருந்திருக்கிறேன். நிஜக் கிழவனான பிறகு, கிழவனாக நடிக்காதே என்கிறார்கள். என் முழங்கால் வலிக்கு நான் வலது பக்கம் சாய்ந்து நடக்கிறேன். மேடைக் கிழவர் இடது பக்கம் சாய்வார். இரண்டும் சேர்ந்து போய்க் கதவின் மேலே மோதிக்கொண்டேன். லைட் தம்பிகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

நீ வந்தால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. நீ எதிரே இருந்த காலத்தில் நான் எதையும் யோசித்து நடித்ததில்லை. இருபத்திரண்டாம் தேதி காலை ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு வருகிறேன். அறையைப் பெருக்கி வைக்கிறேன். நாற்காலியில் துணி இருக்காது.

உன்,
பெரியவர்


மார்ச் 27

பெரியவருக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பிளாட்பாரத்தில் நீங்கள் வாங்கிக் கொடுத்த பன்னைப் பாதி வழியில் சாப்பிட்டேன்.

ஸ்டூடியோவில் இருந்து ஸ்டேஷன் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே நடந்தீர்கள். ரயில் நகர்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தீர்கள். இறங்கி வந்து ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். இந்த வயதில் ஓடுகிற ரயிலில் இருந்து இறங்கினால் அதையும் படமாக எடுத்துவிடுவார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். டெஸ்டில் நான் சட்டை தைக்கிறேன், நீங்கள் எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தர வேண்டும். முதலில் நீங்கள் நடுக்கத்தை ஆரம்பித்தீர்கள். டைரக்டர், சார், நடுக்கம் வேண்டாம், சும்மா கோத்துக் கொடுங்கள் என்றார். உடனே நீங்கள் சும்மா கோத்துப் பார்த்தீர்கள். கை ஆடவில்லை. ஆனால் ஊசியின் காது உங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். அந்த முகத்தை நான் மேடையிலும் பார்த்ததில்லை, வீட்டிலும் பார்த்ததில்லை. பயந்துபோன முகம். காமிரா இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. ஊசியை உங்கள் கையில் இருந்து வாங்கி நானே கோத்துக்கொண்டேன். உங்களுக்குக் கண் போனது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

டைரக்டர் துள்ளிக் குதித்து வந்து, அதுதான் வேண்டும், இன்னொரு தரம் என்றார். இன்னொரு தரம் எடுத்தபோது நீங்கள் தோளை இறக்கி, முழங்கையை இறக்கி, விரலை நடுக்கி, பழைய கிழவருக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டீர்கள். அதற்கப்புறம் எத்தனை தரம் எடுத்தும் வெளியே வரவில்லை. முதல் தரம் நீங்கள் எவ்வளவு நன்றாக இருந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியவே இல்லை. ஐயோ, அப்படியே இருந்திருக்கக் கூடாதா?

நேற்றுத் தந்தி வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்களாம். ஜூன் மாதம் ஆரம்பம். அக்கா தந்தியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, தையல் வகுப்புக்கு யார் போவது என்று கேட்டாள். அப்புறம் தானே போவதாகச் சொன்னாள். அவளுக்குப் பட்டன் கட்டக்கூட வராது.

உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள் இல்லையா? தந்தியில் உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அதே ஊரில் இருப்பவருக்கு எதற்குத் தந்தி என்று விட்டிருப்பார்கள். உடனே எழுதுங்கள். கண் டாக்டரிடமும் போங்கள்.

உங்கள்,
மனைவி


ஏப்ரல் 3

அன்புள்ள டீச்சருக்கு,

சொன்னார்கள். டைரக்டர் வரவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜரை அனுப்பியிருந்தார். அவர் பாவம், பிள்ளைகுட்டிக்காரர், மாடிப்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார். கணவன் வேடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டாயிற்றாம். நாற்பத்திரண்டு வயது நடிகர். தலைக்கு வெள்ளைப் பவுடர் அடித்துக்கொள்ளலாமாம். நான் கொஞ்ச நேரம் சிரித்தேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

இருபத்தாறு வயதில் எனக்கும் பவுடர்தான் அடித்தார்கள். எனக்கு நிஜமாக நரைத்து, நிஜமாகக் கூன் விழுந்து, ஒரு பார்ட்டுக்கு எல்லாத் தகுதியும் சேர்ந்து வருகிறபோது பவுடர் அடித்தவன் வந்து உட்கார்ந்துகொண்டான். யாரிடம் போய் முறையிடுவது? எல்லாரும் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று மரியாதையாக வணக்கம் வைக்கிறார்கள். வணக்கம் வைக்க ஆரம்பித்தார்களோ, வேலை முடிந்தது என்று அர்த்தம்.

களைத்துப் போனேன். இதை உனக்குத்தான் சொல்ல முடியும். செத்துச் செத்தே களைத்துப் போனேன். ஒரே ஒரு படத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. அவர்களுக்கு நீதான் வேண்டும். மேனேஜரே சொன்னார், அந்த அம்மாவைப் பார்த்த பிறகு டைரக்டருக்கு வேறு முகமே பிடிக்கவில்லை என்று. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வீட்டுக்காரர் இல்லாமல் நடிக்க மாட்டேன் என்று சொல். கேட்பார்கள். கேட்டே ஆக வேண்டும். அந்த நூல் கோக்கிற காட்சியை நான் சரியாகச் செய்துவிடுவேன். தினமும் பழகுகிறேன். ஒரே ஒரு வார்த்தை.

உன்னையே நம்பியிருக்கும்,
உன் கணவன்


ஏப்ரல் 12

பெரியவருக்கு,

ஒரு வாரமாக இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் எழுதியதில் பாதி வசவு. அதையெல்லாம் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் பேசிப் பார்த்தீர்களா என்று நான் ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை தெரியுமா? எனக்குத் தெரியும். அன்றைக்கு முதலாளி உங்களைக் கூப்பிட்டபோது படுதாவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் முடிவைச் சொல்லிவிட்டு, "நீ என்னப்பா சொல்ற?" என்று கேட்டார். கேட்டாரே, அதுதான். கேட்காமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நீங்கள், "உங்க இஷ்டங்க" என்றீர்கள். அப்புறம் அடுத்த ஊருக்கு எப்போது கிளம்புவது என்று பேச்சு போய்விட்டது.

நான் உள்ளே வந்து மகள் வேடத்து உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்தேன். யாருக்காவது வேண்டியிருக்கும் என்று பட்டனைக்கூடத் தைத்து வைத்தேன். இத்தனை வருஷம் உங்களோடு சண்டை போட்டதற்கெல்லாம் அடியில் இதுதான் இருந்தது. உப்பு இல்லை, கடிதம் இல்லை, காசு இல்லை என்று போட்ட சண்டையெல்லாம் சும்மா.

அன்றைக்கு நீங்கள் எனக்காகச் சொல்லாத அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது என்னிடம் கேட்கிறீர்கள். எந்தக் கடையில் விற்கிறது என்று தெரியாமல் கேட்கிறீர்கள்.

பழி வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அந்தப் படம் வேண்டும். ஆசையாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ராத்திரியில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொள்கிற அளவுக்கு ஆசையாக இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்று இல்லை. நீங்களும் இருந்தால் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் இல்லாவிட்டால் நானும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் நம் வீட்டில் யாரும் இருந்ததில்லை.

ஜூன் முதல் தேதி அங்கே வருகிறேன். தங்குவதற்குப் படக் கம்பெனியே இடம் கொடுக்கிறார்கள்.

மனைவி


ஏப்ரல் 25

டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. கோபமாக ஒன்று எழுதினேன், கிழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதில் நாடக வசனம் வந்துவிட்டது. அதையும் கிழித்தேன்.

நீ அங்கே நின்றுகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். முதலாளி முன்னால் நின்றால் எனக்கு எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். படி ஏறி வந்த மேனேஜரிடமும் ஒன்றும் கேட்காமல் வணக்கம் வைத்துத்தான் அனுப்பினேன். அதனால்தான் உன்னைச் சொல்லச் சொன்னேன்.

சரி, போய் நடி. தொழில் விஷயம் இரண்டு சொல்கிறேன். காமிரா பக்கத்தில் இருக்கும்போது குரலைத் தூக்காதே, பின்வரிசை என்று ஒன்று அங்கே கிடையாது. லைட் சூட்டில் தலை சுற்றும், காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. காத்திருக்கச் சொன்னால் உட்கார்ந்து காத்திரு, நின்றால் அவர்கள் நாற்காலி தர மாட்டார்கள்.

கண் டாக்டரிடம் போகவில்லை. பார்த்து என்ன செய்யப் போகிறேன்.

இப்படிக்கு,
பெரியவர்


ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

இதே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. உங்கள் அறை இங்கிருந்து இரண்டு பஸ் தூரம் என்று மேக்கப் போடுகிறவர் சொன்னார். நேரில் வந்தால் இதைச் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் என்னைக் காலையிலேயே உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். நீங்கள் சொன்னபடி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன், தலை சுற்றவில்லை. பவுடர் அடித்த தம்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல பிள்ளை. உங்கள் படங்களைச் சின்ன வயதில் இருந்தே பார்த்தவராம். உங்கள் இடத்தில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்றார். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது என்றேன்.

டைரக்டர் வந்து எல்லாம் சரிதானே அம்மா என்று கேட்டார். நான் அதற்கு முன்னால் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது. "என் வீட்டுக்காரரே இந்த வேஷத்த பண்ணட்டுமே தம்பி, அவர் இல்லாம எனக்கு நடிக்கப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேன். உங்களுக்காகத்தான் சொன்னேனா என்று தெரியவில்லை. அந்த வார்த்தை எவ்வளவு கனம் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடியாது அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள், அவரை நான் எவ்வளவோ முயற்சி செய்து பார்த்தேன் என்றார். கோபப்படவில்லை. என்னை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. லைட் தம்பிகள் யாரும் சிரிக்கவில்லை. நான் சரி என்றேன். அவர் காட்சியைச் சொன்னார். நான் போய் என் இடத்தில் உட்கார்ந்து, சொன்னபடி செய்தேன். நன்றாக வந்தது என்றார்கள். மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமாக உங்களுக்காக ஒரு சாக்கை நானே தைத்து வைத்திருந்தேன். முதலாளி துரத்தியிருப்பார், சோறு போயிருக்கும், பெரிய மனிதர் முன்னால் வாய் திறப்பது லேசா, பாவம் மனுஷன் என்ன செய்வார் என்று. உங்கள் மேல் கோபம் வரும்போதெல்லாம் அதை எடுத்துப் போர்த்திக்கொள்வேன். அது மலையைப் புரட்டுகிற வேலை என்று நினைத்திருந்தேன். சட்டைக்குப் பட்டன் போடுகிற நேரம்கூட ஆகவில்லை. அவர் முடியாது என்றுதான் சொன்னார். உங்கள் முதலாளியும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். நான் வீட்டுக்குத்தான் போயிருப்பேன். ஆனால் கேட்டீர்கள் என்று தெரிந்துகொண்டு போயிருப்பேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். படம் முடிந்ததும் நான் அக்காவிடம் போகிறேன், நீங்கள் எப்போதும்போல் இங்கே இருங்கள். கண் டாக்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். மேக்கப் போடுகிறவர் வந்து கூட்டிக்கொண்டு போவார். என்னால் வர முடியாது, அன்றைக்கு எனக்குப் படப்பிடிப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
தையல்காரி